வியாழக்கிழமை உலகம் இருக்குமா?

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் தொலைபேசி எடுத்தவள் அவள். தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் நாறுகிறது, குழாய் வெடித்துத் தெருவே குளமாகிவிட்டது என்று காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கிற வசவு மாலை ஐந்து மணிக்குத்தான் ஓயும். காது புளித்துப்போனாலும் குரலை உயர்த்தியதில்லை. ஒரு நாள் வாரியம் அந்த வேலையை ஒரு பதிவுக் குரலிடம் ஒப்படைத்துவிட்டது. "புகாருக்கு ஒன்றை அழுத்தவும்" என்று மட்டும் சொல்லத் தெரிந்த அந்தக் குரலுக்குக் காய்ச்சல் வராது, விடுப்பும் கேட்காது. நாற்பத்தேழு வயதில் அவள் வீட்டில் உட்கார்ந்தாள்.

வீடு என்பது மாடியில் இரண்டு அறை. கீழே அவள் கணவரின் சலூன். மூன்று நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, எந்நேரமும் பேச்சு. அவர் கை கத்தரியில் இருந்தால் வாய் வேடிக்கையில் இருக்கும். முடி வெட்ட வருகிறவர்களைவிடச் சும்மா சிரித்துவிட்டுப் போக வருகிறவர்கள் அதிகம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளிக்கூடம் போனபிறகு, மாடியில் இருந்தபடி கீழே கேட்கும் சிரிப்பை எண்ணிக்கொண்டு நாலு மாதம் ஓட்டினாள்.

அப்போதுதான் ஊருக்கு வெளியே இருந்த ஆய்வுக்கூடத்தில் தொலைபேசி எடுக்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. நேர்காணலில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தகவல் பிரிவு அதிகாரி. சட்டைப்பையில் நாலு பேனா. இன்னொருவர் முப்பத்தைந்து வயது விஞ்ஞானி. தலையில் சீப்பு பட்டு மாதக் கணக்காகியிருக்கும் போலிருந்தது. அங்கே அவருக்குச் சிக்குத்தலை என்றே பெயர்.

"இயற்பியல் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாது சார். திட்டு வாங்கத் தெரியும்."

சிக்குத்தலை வாய்விட்டுச் சிரித்தார். மூன்று மாத ஒப்பந்தத்தில் வேலை கிடைத்துவிட்டது. சேர்ந்த மூன்றாம் நாளே அவளுக்கும் ஒரு பெயர் விழுந்தது: ஹலோ அக்கா.

அந்த ஆய்வுக்கூடம் பூமிக்கு அடியில் வளையமாக ஒரு சுரங்கம் வெட்டியிருந்தது. வயல், கால்பந்து மைதானம், பேருந்து நிலையம், கல்லறை எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சுற்று. முழுதும் நடந்தால் ஒரு பகல் ஆகும். அதற்குள் அணுவைவிடச் சிறிய துகள்களைக் கற்பனைக்கு எட்டாத வேகத்தில் ஓடவிட்டு ஒன்றோடொன்று மோதவைத்து, உடையும்போது என்ன தெறிக்கிறது என்று பார்க்கப்போகிறார்கள். பதினான்கு வருஷ வேலை. ஒரு வியாழக்கிழமை காலை இயந்திரம் முதன்முதலாக ஓடும் என்று அறிவித்தார்கள்.

அறிவித்ததுதான் தாமதம், தொலைக்காட்சியில் ஒருவர் உட்கார்ந்து, அந்த மோதலில் கருந்துளை ஒன்று பிறக்கும், அது முதலில் சுரங்கத்தைத் தின்னும், பிறகு ஊரை, பிறகு பூமியை என்று படம் வரைந்து காட்டிவிட்டார். மறுநாள் காலை ஹலோ அக்காவின் மேஜைமேல் இருந்த மூன்று தொலைபேசிகளும் ஒன்றாக அலறின.

பாதி அழைப்பு வேடிக்கை. "மேடம், எங்க மாமியார் வெள்ளிக்கிழமை வர்றாங்க. வியாழக்கிழமையே முடிச்சிடுவீங்கல்ல?" என்று ஒருவர். "கணக்குப் பரீட்சை புதன்கிழமைங்க. மிஷினை ஒரு நாள் முன்னாடியே ஓட்ட முடியாதா?" என்று இன்னொரு குரல்; பின்னால் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. ஒரு பெரியவர் மிகவும் மரியாதையாக, "துளை வந்துச்சுன்னா முதல்ல எந்தத் தெருவும்மா? எங்க தெருவுல ரோடு ரொம்ப மோசமா இருக்கு, அதுக்கு வர்றதே கஷ்டம்" என்றார். அவளும் சிரித்துவிட்டாள்.

மீதிப் பாதி வேடிக்கை இல்லை. குரல் தணிந்திருக்கும். முதல் கேள்வி வேறு எதையோ பற்றி இருக்கும். பிறகு ஒரு இடைவெளி விட்டு, "அப்புறம்… அந்த விஷயம்… நிஜமாவா?" என்பார்கள்.

அவர்களுக்குச் சொல்வதற்கு அதிகாரி ஒரு அட்டை கொடுத்திருந்தார். அதில் இருந்தது ஒரே வாக்கியம்: 'பேராபத்து நிகழ்வதற்கான சாத்தியக்கூறு முற்றிலும் புறக்கணிக்கத்தக்கது என்று வல்லுநர் குழு மதிப்பிட்டுள்ளது.' அட்டையில் உள்ளதை விட்டு ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது என்பது உத்தரவு.

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு பெண் கூப்பிட்டாள். பேக்கரி வைத்திருக்கிறாளாம். மூன்று குழந்தைகள். ஹலோ அக்கா அட்டையைப் படித்தாள்.

"புறக்கணிக்கத்தக்கதுன்னா?" என்றாள் அந்தப் பெண். "இருக்கா, இல்லையா?"

"அது… ரொம்ப ரொம்பக் கம்மின்னு அர்த்தம்மா."

"அப்ப இருக்கு."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு; பிறகு தொடர்பு அறுந்தது. குடிநீர் வாரியத்தில் எத்தனையோ பேர் போனைப் பட்டென்று வைத்திருக்கிறார்கள். இந்தப் பெண் மெதுவாக வைத்தாள். அதுதான் மனசைப் போட்டு அறுத்தது.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே நேராகச் சிக்குத்தலையின் அறைக்குப் போனாள். கரும்பலகை முழுக்க எழுத்து, நாற்காலியில் காகிதம், அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. பூமி போயிடுமா, போகாதா?"

"போகாது அக்கா."

"அதை அப்படியே அட்டையில போட வேண்டியதுதானே?"

அவர் தலையைச் சொறிந்தார். "சுத்தமா பூஜ்யம்னு எதையுமே நாங்க சொல்ல மாட்டோம் அக்கா. இந்தக் கதவைத் திறந்தா வெளிய யானை நிக்குமான்னு கேட்டாக்கூட, வாய்ப்பு மிக மிகக் குறைவுன்னுதான் எழுதுவோம். பழக்கம்."

"உங்க பழக்கத்தால அங்க ஒருத்தி பயந்துபோய்க் கிடக்கிறா."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார்: வானத்தில் இருந்து எந்நேரமும் துகள்கள் பூமிமேல் வந்து மோதிக்கொண்டே இருக்கின்றன. நம் இயந்திரம் செய்யப்போவதைவிடப் பல மடங்கு பலமான மோதல்கள். நிலாமேலும் அப்படியே. கோடிக்கணக்கான வருஷமாய் நடக்கிறது. "நிலா அங்கேயேதான் இருக்கு. நாங்க புதுசா ஒண்ணும் பண்ணல அக்கா. வானம் கண்ட இடத்துல பண்றதை, ஒரு கேமரா முன்னாடி பண்றோம். அவ்வளவுதான்."

ஹலோ அக்கா இடுப்பில் கை வைத்தபடி அவரைப் பார்த்தாள். "இவ்வளவு நல்ல விஷயத்தை எங்க வெச்சிருந்தீங்க?"

"அறிக்கையோட மூணாவது பின்னிணைப்புல இருக்கு."

அன்று மாலையில் இருந்து அட்டையைக் கவிழ்த்துவைத்துவிட்டு நிலாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். இரண்டே நாளில் அதிகாரி கூப்பிட்டுவிட்டார். எல்லா அழைப்பும் பதிவாகிறதே.

"அட்டையை மீறாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா யார் பதில் சொல்றது?"

"சார், நீங்களே ஒரு மணி நேரம் வந்து போன் எடுங்க. அட்டையை மட்டும் படிங்க. ஒருத்தராவது நிம்மதியா வெச்சாங்கன்னா நான் இன்னைக்கே வேலையை விட்டுடறேன்."

அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. வந்து உட்கார்ந்தார். முதல் ஆள் அட்டையைக் கேட்டுவிட்டு, "யோவ், நீ மிஷினா மனுஷனா?" என்றான். இரண்டாவது ஒரு பாட்டு டீச்சர், அழத் தொடங்கிவிட்டார். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்ட அதிகாரி, மூன்றாவது அழைப்பில் அட்டையில் இல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா." ஒரு மணி நேரம் ஆவதற்குள் எழுந்துவிட்டார். மறுநாள் மேஜைமேல் புது அட்டை இருந்தது. அதில் நிலா இருந்தது.

நிலா நிறையப் பேருக்குப் போதுமானதாக இருந்தது. பேக்கரிப் பெண்ணுக்குப் போதவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டபோது வியாழக்கிழமைக்கு ஆறு நாள். முழுதும் பொறுமையாகக் கேட்டாள்.

"நிலா சரிங்கக்கா. எனக்கு அதெல்லாம் புரியுற மாதிரிதான் இருக்கு. ஆனா ராத்திரி பிள்ளைங்க தூங்குறதைப் பார்த்துட்டே விடிய விடிய முழிச்சிருக்கேன். அன்னைக்குக் கடை திறக்கப்போறதில்ல. மூணு பேரையும் ஸ்கூலுக்கு அனுப்பப்போறதில்ல. எல்லாரும் ஒண்ணா இருந்துடலாம்னு…" கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு."

"வியாழக்கிழமை அவ எங்க இருப்பா?"

"ஸ்கூல்லதான். எப்பவும்போல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்று மாலை துணி துவைக்கக் கணவரின் சட்டைப்பையைத் துழாவியபோது மூன்று பேருந்துச் சீட்டுகள் கையில் வந்தன. புதன்கிழமை காலை. அவருடைய அண்ணன் ஊருக்கு. முந்நூறு கிலோமீட்டர்.

ஈரக் கையோடு கீழே இறங்கினாள். சலூனில் கடைசி ஆள் போய்விட்டிருந்தார். அவர் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த மூன்று வாரமாக ஊரிலேயே அதிகமாக வேடிக்கை பேசியது அந்தக் கடைதான். "மொட்டை போட்டுக்கோ, துளைக்குள்ள போறப்ப காத்தோட்டமா இருக்கும்" என்றும், "எங்க வீட்டம்மாகிட்டச் சொல்லி உனக்கு ஜன்னலோர சீட்டு வாங்கித் தர்றேன்" என்றும் அவர் அடித்த வெடிகளைக் கேட்கவே ஆள் வந்தது.

சீட்டுகளை அவர் முன்னால் நீட்டினாள். அவர் துடைப்பத்தைப் பார்த்தார்.

"பூமியையே முழுங்குற துளை, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவங்களை மட்டும் விட்டுவெச்சிடுமாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. "எனக்கும் தெரியும். இருந்தாலும்… நீ அங்கயே உட்கார்ந்திருக்க. என்னால ஒண்ணும் பண்ண முடியல. சீட்டு வாங்கினப்பவாவது ஏதோ பண்ண மாதிரி இருந்துச்சு."

"தினம் அவ்வளவு சிரிக்க வெச்சீங்களே?"

"சிரிக்கலைன்னா கை நடுங்குது. கத்தி பிடிக்கிற கை."

பதினெட்டு வருஷத்தில் அவர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. திட்டுவதற்கென்று சேர்த்துவைத்து வந்த வார்த்தைகளை மென்று விழுங்கினாள். மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, டிவியில் துளையைப் படம் வரைந்து காட்டியவரையும் நிலாவையும் முதலில் இருந்து சொன்னாள். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. மனைவி சொல்வதை மறுத்து வழக்கமில்லாத தலை அது.

மறுநாள் சிக்குத்தலையின் அறை வாசலில் போய் நின்றாள். "தம்பி, வியாழக்கிழமை டிவிக்காரங்க வருவாங்க. இந்தத் தலையோடயா நிப்பீங்க? நாளைக்கு ஞாயித்துக்கிழமை எங்க கடைக்கு வாங்க."

அவர் வந்தார். கழுத்தில் துணியைக் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான், வசமாக மாட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்தது. காத்திருக்கும் பெஞ்சில் ஐந்து பேர். யாரும் முடி வெட்ட வரவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. மாடிப்படியில் ஹலோ அக்காவும் மகளும்.

லாரி ஓட்டுநர் ஒருவர் ஆரம்பித்தார். "சார், அங்க என்னதான் மோத வைக்கிறீங்க?"

சிக்குத்தலை ஏதோ ஒரு நீளமான சொல்லைச் சொன்னார். கத்தரி நின்றது. "புரியிற மாதிரி சொன்னாத்தான் அடுத்த பக்கம் வெட்டுவேன்" என்றார் சலூன்காரர்.

பாதித் தலையோடு அவர் மறுபடி ஆரம்பித்தார். இரண்டு கொசுக்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டால் என்ன பலமோ, ஒரு மோதலின் மொத்தப் பலமும் அவ்வளவுதான் என்றார். அந்தப் பலத்தைக் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளிக்குள் அடக்குவதுதான் வித்தை.

"ரெண்டு கொசுவா?" லாரி ஓட்டுநருக்கு ஏமாற்றமாகிவிட்டது. "இதுக்காய்யா நான் குடும்பத்தோட ஊருக்குப் போலாம்னு லீவு எழுதிக் கொடுத்தேன்?"

கடையே சிரித்தது. சலூன்காரர் சிரிக்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியில் சிக்குத்தலையின் கண்ணைப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்குக் குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணு. நாலு வயசு."

"வியாழக்கிழமை?"

"அன்னைக்குத்தான் நீச்சல் வகுப்புல சேர்க்கிறோம். என்னாலதான் போக முடியாது. அவ அம்மா கூட்டிட்டுப் போறாங்க." சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. "அதைத்தான் பார்க்க முடியாமப் போகுது. அவளுக்குத் தண்ணின்னா பயம்."

சலூன்காரர் கத்தரியை எடுத்தார். காதோரம் மிகவும் கவனமாக, ஒரு மாப்பிள்ளைக்கு வெட்டுவதுபோல வெட்டினார். திங்கட்கிழமை காலை மூன்று சீட்டுகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை வந்தது. மகள் முனகிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். கணக்குப் பரீட்சையை அன்றைக்குத் தள்ளிவைத்திருந்தார்களாம். உலகம் காப்பாற்றப்படுவதில் அவளுக்கு மட்டும் அவ்வளவு சந்தோஷமில்லை. ஹலோ அக்கா ஏழரைக்கே நாற்காலியில் இருந்தாள். எட்டு முதல் பத்து வரை மூன்று தொலைபேசிக்கும் மூச்சுவிட நேரமில்லை. துகள் கற்றையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்த்தார்கள்: கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால். பத்தரை மணிக்கு மேல்மாடியில் இருந்து ஒரு கூச்சல் எழுந்து கட்டிடமே அதிர்ந்தது. நடைக்கூடத்தில் அதிகாரி பேனாக்கள் தெறிக்க ஓடினார். "சுத்திடுச்சு! முழுசா சுத்திடுச்சு!"

ஒரு நொடி மூன்று தொலைபேசிகளும் மௌனமாக இருந்தன. பிறகு ஒன்று மட்டும் அடித்தது.

"ஹலோ…" என்றது பேக்கரிப் பெண்ணின் குரல். "இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. நீங்க?"

"இருக்கேன்." பின்னால் ஏதோ தட்டு உருளும் ஓசை. "காலைல அஞ்சு மணிக்கு எழுந்துட்டேன். உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன். அடுப்பைப் பத்தவெச்சுட்டேன் அக்கா. பெரியவங்க ரெண்டு பேரும் ஸ்கூல் போயிட்டாங்க. சின்னவன் மட்டும் இங்க மாவை மூஞ்சில பூசிட்டு நிக்கிறான்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஹலோ அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "ஒண்ணு சொல்லணும்மா. இன்னைக்குச் சும்மா சுத்தத்தான் விட்டாங்க. நிஜமா மோதுறது இன்னும் சில வாரம் கழிச்சு. அப்புறம் வந்து நீங்க ஏன் சொல்லலைன்னு கேட்கக்கூடாது பாருங்க."

எதிர்முனையில் யோசனை. "அன்னைக்கும் நீங்கதான் போன் எடுப்பீங்களா?"

"நான்தான்."

"அப்ப சரி."

ஆனால் சில வாரம் என்பது பொய்யாகிப்போனது. ஒன்பதாம் நாள் சுரங்கத்துக்குள், துகள்களை வளைத்துத் திருப்பும் இரண்டு பெரிய காந்தங்களுக்கு நடுவே ஒரு மின் இணைப்பு கருகியது. குளிரூட்டும் வாயு பீறிட்டு, லாரி அளவுள்ள காந்தங்களையே இடம்பெயர்த்துவிட்டது. உள்ளே யாரும் இல்லாததால் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. சரிசெய்ய ஒரு வருஷத்துக்குமேல் ஆகும் என்றார்கள். ஊர் சும்மா இருக்குமா? 'உலகத்தை முழுங்க வந்தது ஒரு ஃபியூஸ் போய் நின்னுடுச்சு' என்று பத்திரிகையில் கார்ட்டூன் வந்தது.

சிக்குத்தலை இரண்டு நாள் யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாம் நாள் மதியம் இரண்டு தேநீர்க் கோப்பையோடு அவள் அறைக்கு வந்து, மூலையில் இருந்த அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தார். வெட்டின முடிகூட வாடிப்போனதுபோல இருந்தது.

"பதினாலு வருஷம் அக்கா. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கிறது பேப்பர்ல தம்பி. போன்ல வேற மாதிரி இருக்கு." தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பினாள். "நேத்து மட்டும் நாப்பத்தொரு பேர். பாதிக்கு மேல கேட்ட முதல் கேள்வி, யாருக்காவது அடிபட்டுச்சான்னு. லாரி ஓட்டுற அண்ணன் கூப்பிட்டு, காந்தத்தை மேல தூக்க வண்டி வேணுமான்னு கேட்கிறார். பேக்கரிக்கார அம்மா ஒரு கூடை பன்னு அனுப்பிட்டாங்க. அந்த டப்பாவுலதான் இருக்கு, எடுத்துக்கோங்க. 'நல்லா வேணும்'னு ஒருத்தர்கூடச் சொல்லல."

அவர் புத்தகத்தை வெகுநேரம் படித்தார். ஒரு பன்னை எடுத்தார். அதைத் தின்று முடித்துவிட்டு இன்னொன்றையும் எடுத்தார். "என் பொண்ணு இப்ப தண்ணிக்குள்ள தலையை முக்குறா" என்றார் திடீரென்று. "மூணு எண்ணுற வரைக்கும்."

"பாருங்க" என்றாள் ஹலோ அக்கா.

அவளுடைய மூன்று மாத ஒப்பந்தம் முடிந்தபோது அதிகாரி ஒரு தாளை நீட்டினார். நிரந்தர வேலை. அதோடு ஒரு நிபந்தனையை அவளே சேர்த்தாள்: வாரம் ஒரு முறை விஞ்ஞானிகளில் யாராவது ஒருவர் வந்து, அந்த வாரம் என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிகிறவரை சொல்ல வேண்டும். முதலில் முகம் சுளித்தவர்கள் பிறகு முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஹலோ அக்காவுக்குப் புரிந்துவிட்டால் தங்களுக்கே புரிந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னாராம்.

ஒரு வருஷமும் இரண்டு மாதமும் கழிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், முதன்முதலாகத் துகள்கள் மோதின. திரையில் மெல்லிய கோடுகள் பூ விரிந்ததுபோலத் தெறித்ததை அவளும் மேல்மாடிக்குப் போய்ப் பார்த்தாள். கீழே வந்தபோது தொலைபேசிகள் அமைதியாக இருந்தன. பயந்து கூப்பிட்டவர் என்று ஒருவரும் இல்லை.

மூன்று மணி வாக்கில் ஒரு அழைப்பு வந்தது. வயதான, கரகரத்த ஆண்குரல். வார்த்தைக்கு வார்த்தை தயங்கியது.

"அம்மா, நான் கொத்தனாருங்க. பல வருஷத்துக்கு முன்னாடி அந்தச் சுரங்கத்துக்குக் காங்கிரீட் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். மேற்குப் பக்கம் வளைவு பூரா நாங்கதான். அப்ப என்னத்துக்குன்னு யாருமே சொல்லல. நாங்களும் கேட்கல. இன்னைக்கு டிவில காட்டுனாங்க, ஒண்ணும் விளங்கல. வேலையைக் கெடுக்கிறேனோ என்னவோ…"

"ஐயையோ, அதெல்லாம் இல்லீங்கய்யா." அவள் மற்ற இரண்டு தொலைபேசிகளையும் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மேற்கு வளைவுதானே? அந்த வழியாத்தான் துகளுங்க வளைஞ்சு ஓடுது. அந்த இடத்துல இருந்தே ஆரம்பிக்கட்டுமா?"

"ஆரம்பிங்கம்மா" என்றார் கொத்தனார். "பக்கத்துல எங்க வீட்டுக்காரியும் இருக்கா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."